நான்கையும் ஸ்டாக் செய்ய வேண்டாம், இரண்டு போதும்: மூன்று தள அலுவலகத்துக்கு ஸ்விட்ச் வாங்குவது பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், மூன்று தளம். தரைத்தளத்தில் கோடவுனும் பேக்கிங்கும். முதல் மாடியில் அலுவலகம், கணக்குப் பிரிவு, சர்வர் ரேக். இரண்டாம் மாடியில் மெர்ச்சண்டைசிங், சாம்பிள் பிரிவு. கடையில் அவ்வப்போது வாங்கிய சாதா ஸ்விட்சுகள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. கேமரா போட்ட நாளிலிருந்து டாலி கணக்கு மென்பொருள் இழுக்கிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நான்கு 48 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடிய ரகம்) போட்டு நான்கையும் ஸ்டாக் செய்து, அதாவது ஒரே பெட்டியைப் போல இயங்க வைத்து, தருகிறேன் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. நான்கையும் ஸ்டாக் செய்வது வேண்டாம். முதல் மாடி ரேக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகும் இரண்டை மட்டும் ஸ்டாக் செய்யுங்கள். தரைத்தளமும் இரண்டாம் மாடியும் தனித்தனி ஸ்விட்சாக நின்று, அந்த இரண்டோடு இரட்டை லிங்கில் சேரட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன், இப்போதுள்ள கோளாறு என்ன என்று பாருங்கள். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் அனுப்பும். தரைத்தளத்தில் உங்களுக்கு 14 கேமரா. மொத்தம் 56 மெகாபிட். கேமராக்களைப் பழைய எச்.264-இல் விட்டிருந்தால் அதுவே ஏறக்குறைய இரட்டிப்பாகி நூறைத் தாண்டும். கிகாபிட் லிங்குக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனால் கோத்து வைத்திருக்கும் வரிசையில் எங்காவது ஒரு பழைய 10/100 ஸ்விட்ச் (100 மெகாபிட்டுக்கு மேல் தராதது) உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் கழுத்து நெரிபடும். டாலியை நெட்வொர்க்கில் பயன்படுத்தும்போது ஒவ்வொரு கணினியும் சர்வரில் உள்ள தரவுக் கோப்பைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்யும். நடுவில் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, விழ ஆரம்பித்தால் அது உடனே தெரியும். இணையத்தில் பக்கம் பார்ப்பவருக்குத் தெரியாது, கணக்குப் பிரிவுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு ஸ்விட்சின் மேலும் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அடுத்து கேபிள். கிகாபிட் ஓட நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுக்கும் பழக்கம் முன்பு நிறைய இருந்தது. அப்படிப் பிரித்த கேபிளோ, பிளக் பொருத்திய கிரிம்பிங் சரியில்லாத முனையோ இருந்தால், எத்தனை லட்சத்துக்கு ஸ்விட்ச் வாங்கினாலும் அந்த வரி 100-லேயே நிற்கும். இதைச் சரிபார்க்காமல் ஸ்விட்சை மட்டும் மாற்றியவர்கள் மறு மாதம் அதே புகாரோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி எண்ணிக்கை. நீங்கள் கொடுத்த பட்டியலைத் தளவாரியாகப் போட்டுப் பார்த்தேன். தரைத்தளத்தில் 10 கணினி, 14 கேமரா, 2 வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், 3 பயோமெட்ரிக், ஒரு பிரிண்டர்: 30 போர்ட். முதல் மாடியில் 35 கணினி, 5 கேமரா, 2 ஆக்சஸ் பாயிண்ட், 3 பிரிண்டர், சர்வருக்கு இரண்டு, கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டிக்கு இரண்டு, கேமரா பதிவு செய்யும் என்விஆருக்கு ஒன்று, இணையத் தொடர்பைக் காவல் காக்கும் ஃபயர்வாலுக்கு இரண்டு: 52. இரண்டாம் மாடியில் 12 கணினி, 3 கேமரா, 2 ஆக்சஸ் பாயிண்ட், ஒரு பிரிண்டர்: 18. ஆக மொத்தம் சரியாக 100. நெட்வொர்க் கேபிளில் இயங்கும் 15 ஐபி போன்களை நான் எண்ணவில்லை, ஏனென்றால் போனின் பின்னால் இருக்கும் இரண்டாவது போர்ட்டில் கணினியைச் செருகிவிடலாம். ஒரே கேபிளில் இரண்டும் ஓடும். ஆனால் அந்தப் போன் கிகாபிட் போனா என்று பாருங்கள். மலிவான மாடல்கள் பல 100 மெகாபிட்தான், அதன் வழியாகச் செல்லும் கணினியும் 100-க்கு இறங்கிவிடும். கணக்குப் பிரிவுக் கணினிகளை மட்டுமாவது அதன் வழியாக விடாதீர்கள்.

ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சிக்கு விட்டால், தரைத்தளத்துக்கு ஒரு 48 போர்ட், முதல் மாடிக்கு இரண்டு 48, இரண்டாம் மாடிக்கு ஒரு 24 போதும். கொட்டேஷனில் நான்காவதும் 48 என்று இருப்பது தேவையில்லாதது.

போர்ட் எண்ணிக்கையை எல்லோரும் பார்ப்பார்கள். பிஓஇ வாட் கணக்கைத்தான் கோட்டை விடுவார்கள். கேமராவுக்கும் போனுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் தருவதுதான் பிஓஇ. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 2009-இல் வந்த ஏடி, அதாவது பிஓஇ பிளஸ், 30 வாட். 2018-இன் பிடி 90 வாட் வரை போகும். போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 48 போர்ட்டுக்கு 1440 வாட் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியின் மொத்த பட்ஜெட் தனி. 48 போர்ட் ஸ்விட்சுகளில் 370 வாட், 740 வாட் என்று இரண்டு ரகம் சாதாரணமாக வரும்.

உங்கள் தரைத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமராவுக்கு 8 வாட் என்று வைத்தால் 14-க்கு 112. ஆக்சஸ் பாயிண்ட் இரண்டுக்கு 40. போன் மூன்றுக்கு 15. மொத்தம் 167 வாட். 370 தாராளம். ஆனால் சில ஸ்விட்சுகள் கருவி உண்மையில் இழுப்பதைப் பார்க்காமல், அதன் வகுப்புக்கு உரிய உச்ச அளவை அப்படியே ஒதுக்கி வைக்கும். அந்தக் கணக்கில் கேமரா ஒவ்வொன்றுக்கும் 15.4, ஆக்சஸ் பாயிண்டுக்கு 30, போனுக்கு 7 என்று போட்டால் கிட்டத்தட்ட 297 வாட். அப்போதும் 370-க்குள் நிற்கிறது. 195 வாட் ஸ்விட்சாக இருந்திருந்தால் கடைசியில் செருகிய ஆறேழு கேமரா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கேமரா பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவீர்கள். முதல் மாடியில் இரண்டு ஸ்விட்சில் ஒன்று மட்டும் பிஓஇ இருந்தால் போதும் என்று விலையைக் குறைக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். காரணம் ஸ்டாக்கிங் பகுதியில் வரும்.

மேனேஜ்டு ஸ்விட்ச் என்ன தருகிறது? பட்டியல் நீளம். உங்களுக்குப் பயன்படப்போவது இரண்டு.

ஒன்று விலேன். ஒரே ஸ்விட்சைப் பல தனி ஸ்விட்சுகளாகப் பிரிப்பது. அலுவலகக் கணினிகளும் சர்வரும் ஒன்றில், போன் ஒன்றில், கேமரா ஒன்றில், பையர் (சரக்கு வாங்குபவர்) வந்தால் கொடுக்கும் விருந்தினர் வைஃபை ஒன்றில், ஸ்விட்சுகளை நிர்வகிக்கும் முகவரி தனியாக ஒன்றில். ஐந்துக்கு மேல் இப்போது வேண்டாம். சர்வரைத் தனி விலேனில் போட்டுப் பாதுகாக்கலாமே என்று ஒருவர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு விலேனுக்கு இடையில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு ரவுட்டரைத் தாண்ட வேண்டும். அந்த வேலை உங்கள் சிறிய ஃபயர்வாலின் தலையில் விழுந்தால் டாலி முன்பைவிட மோசமாகும். ஸ்விட்சே லேயர் 3 ரவுட்டிங், அதாவது அந்த ரவுட்டர் வேலையை, செய்யுமானால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம். முதலில் கேமராவையும் விருந்தினரையும் பிரியுங்கள், பாதி நிம்மதி அதிலேயே வரும்.

இரண்டாவது ஸ்பேனிங் ட்ரீ. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி வடிவமைத்தது. நெட்வொர்க்கில் வட்டம் விழுந்தால் ஒரு லிங்கைத் தானாக மூடி வட்டத்தை உடைக்கும். சாதா ஸ்விட்சில் பெரும்பாலும் இது கிடையாது. நான் வேலை செய்த ஒரு ஆலையில், சுத்தம் செய்தவர் கீழே கிடந்த கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு எடுத்துச் சுவரில் இருந்த காலி போர்ட்டில் செருகினார். மறுமுனை ஏற்கெனவே பக்கத்துப் போர்ட்டில் இருந்தது. அடுத்த நிமிடமே மொத்த ஆலையும் நின்றது. அந்தக் கேபிளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் ஆனது. அவர் மேல் தவறே இல்லை. ஒரு கேபிளால் ஆலையை நிறுத்த முடிகிற மாதிரி நெட்வொர்க்கை விட்டுவைத்த எங்கள் மேல்தான் தவறு.

ஆகவே இதை எழுதி வாங்குங்கள்: ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ (அதன் வேகமான வடிவம்) ஓட வேண்டும். முதல் மாடி ஸ்டாக்தான் ரூட் (எந்த லிங்கை மூடுவது என்ற கணக்குக்கு மையம்) ஆக இருக்க வேண்டும். அதன் முன்னுரிமை எண்ணை, இயல்பாக இருக்கும் 32768-இலிருந்து 4096-க்கு இறக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே எண் இருக்கும்போது எந்தப் பெட்டியின் மேக் முகவரி (பெட்டியோடு வரும் அடையாள எண்) சிறியதோ அது ரூட் ஆகிவிடும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகவே இருக்கும். கணினி செருகும் போர்ட்டுகள் எட்ஜ் போர்ட்டாக (வேறு ஸ்விட்ச் சேராத முனை), பிபிடியூ கார்டு (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டு இருக்க வேண்டும்.

இப்போது ஸ்டாக்கிங். ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைச் சொல்லவில்லை. பல பெட்டிகள் ஒரே மூளையில் இயங்குவதுதான் ஸ்டாக். ஒரு பெட்டி ஆக்டிவ் (தலைமை), இன்னொன்று ஸ்டாண்ட்பை (மாற்று). ஐபி முகவரி ஒன்று, அமைப்புக் கோப்பு ஒன்று. போர்ட்டுகள் 1/0/1, 2/0/1 என்று பெட்டி எண்ணோடு வரும். 2003-இல் சிஸ்கோ 3750 வரிசையில் ஸ்டாக்வைஸ் என்ற பெயரில் வந்தபோது பின்னால் தனிக் கேபிள் போட்டு 9 பெட்டி வரை சேர்த்தார்கள். இன்று அரூபாவில் விஎஸ்எஃப், ஜூனிப்பரில் வர்ச்சுவல் சேசிஸ், ஹுவாவேயில் ஐஸ்டாக் என்று பெயர்கள் வேறு, கருத்து ஒன்றுதான்.

இதில் உங்களுக்கு உண்மையான லாபம் ஒன்றே ஒன்று. சர்வரின் இரண்டு நெட்வொர்க் போர்ட்டில் ஒன்றை முதல் பெட்டியிலும் மற்றொன்றை இரண்டாவது பெட்டியிலும் செருகி, எல்ஏசிபி என்ற முறையில் ஒரே லிங்காகக் கட்டலாம். நாஸுக்கும் அப்படியே. தரைத்தளத்திலிருந்து வரும் இரண்டு ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிளில் ஒன்று இதில், ஒன்று அதில். ஒரு பெட்டி செத்தாலும் சர்வரும் மற்ற தளங்களும் பேசிக்கொண்டே இருக்கும். செத்த பெட்டியில் நேராகச் செருகிய கணினிகள் நிற்கத்தான் செய்யும். அவற்றின் கேபிளை உயிரோடு இருக்கும் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டுமே பிஓஇ ஆக இருக்கட்டும் என்று சொன்னது இதனால்தான்: ஆக்சஸ் பாயிண்டையும் கேமராவையும் எந்தப் பெட்டிக்கும் மாற்ற முடிய வேண்டும்.

எல்ஏசிபி பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இரண்டு 1 கிகாபிட் லிங்கைக் கட்டினால் ஒரு கோப்பு 2 கிகாபிட் வேகத்தில் போகாது. ஒரு உரையாடல் ஒரு லிங்கிலேயே போகும். பலர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் சுமை பிரியும்.

சரி, நான்கையும் ஸ்டாக் செய்தால் என்ன கெட்டுவிடும்? ஒரே மூளை என்பது பலம், அதுவே பலவீனமும். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றினால் இந்த விலையிலுள்ள ஸ்டாக்குகள் பெரும்பாலும் மொத்தமாக ரீஸ்டார்ட் ஆகும். மூன்று தளமும் ஒரே நேரத்தில் இருட்டு. மென்பொருளில் ஒரு பிழை வந்தால் நான்கு பெட்டிக்கும் சேர்ந்து வரும். தளங்களுக்கு இடையே ஓடும் கேபிளே ஸ்டாக்கின் நரம்பு ஆகிவிடும். யாராவது சுவரில் துளை போடும்போது அது அறுந்தால் இரண்டு பக்கமும் நான்தான் ஆக்டிவ் என்று ஒரே ஐபியோடும் ஒரே மேக்கோடும் நிற்கும். அந்த நிலையில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது, முழுவதும் நின்றுபோன நெட்வொர்க்கைச் சரிசெய்வதைவிடக் கொடுமையானது. தனி ஸ்விட்சாக இருந்தால் அந்த ஒரு தளம் மட்டும் துண்டாகும், அதிலும் இரட்டை ஃபைபரைத் தனித்தனி வழியில் இழுத்திருந்தால் அதுவும் ஆகாது. ஸ்டாக் என்பது ஒரே ரேக்குக்குள், ஒரு முழ நீளக் கேபிளில் முடிய வேண்டிய காரியம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடி இழையில் பல கிலோமீட்டர் தள்ளி ஸ்டாக் செய்யும் வசதி சில ஸ்விட்சுகளில் இருக்கிறது. வசதி இருக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு பெட்டிக்கு இடையிலும் ஒரு கேபிள் போதாது, இரண்டு போடுங்கள். சிறு நிறுவன ஸ்விட்சுகளில் தனி ஸ்டாக் போர்ட் இருக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் முன்னால் இருக்கும் நான்கு 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில் (ஃபைபர் மாட்யூல் செருகும் துளை) இரண்டை ஸ்டாக்கே தின்றுவிடும். மீதி இரண்டு. ஒன்று தரைத்தளத்துக்கு, ஒன்று இரண்டாம் மாடிக்கு. அவ்வளவுதான், தீர்ந்தது. நாளை சர்வருக்கு 10 கிகாபிட் வேண்டும் என்றால் இடம் இருக்காது. இந்தக் கணக்கைக் கொட்டேஷன் கொடுத்தவர் முன்னால் காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போடத் தெரியாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவரிடம் இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. விளம்பரத்தாளில் ஸ்டாக்கிங் என்று போட்டிருப்பது உண்மையான ஸ்டாக்கா, அல்லது பல பெட்டிகளை ஒரே திரையில் பார்க்கும் வசதியா? சிங்கிள் ஐபி மேனேஜ்மென்ட், வர்ச்சுவல் ஸ்டாக்கிங் என்றெல்லாம் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. யுனிஃபை, ஓமடா போன்ற நிர்வாகக் கண்ட்ரோலர்களும் எல்லாப் பெட்டிகளையும் ஒரே திரையில் காட்டும், அது நல்ல வசதிதான், ஆனால் அதனால் பெட்டிகள் ஒரே மூளை ஆகிவிடாது. பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: ஒரு எல்ஏசிபி குழுவில் வெவ்வேறு பெட்டியின் போர்ட்டுகளைச் சேர்க்க முடியுமா? முடியாது என்றால் அது ஸ்டாக் இல்லை. அடுத்து, ஸ்டாக்குக்கு லைசென்ஸ் தனியா? ஜூனிப்பர் இஎக்ஸ்2300-இல் வர்ச்சுவல் சேசிஸுக்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். சிஸ்கோ 9200எல்-இல் ஸ்டாக் கிட் தனியாக வாங்க வேண்டும். கேபிளும் எஸ்எஃப்பி மாட்யூலும் விலையில் அடக்கமா? ரேக்குக்குள் 1 மீட்டர் டாக் கேபிள் (இரு முனையிலும் பிளக்கோடு வரும் செம்புக் கேபிள்) போதும். தளங்களுக்கு இடையே ஃபைபர்தான். நம் ஊர் இடிமின்னலில் செம்புக் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சியில் போர்ட்டுகள் வரிசையாகச் சாவதைப் பார்த்தவர்கள் இதற்கு யோசிக்க மாட்டார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ 2960-எஸ், 3750 ஸ்விட்சுகள் மலிவாகக் கிடைக்கும், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படிக்க, பழக வாங்குங்கள். அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. பையரின் ஆர்டர் விவரமும் சம்பளக் கணக்கும் ஓடும் நெட்வொர்க்கில் வைக்காதீர்கள்.

ஊருக்கே உரிய ஒரு விஷயம்: பஞ்சுத் தூசி. 48 போர்ட் பிஓஇ ஸ்விட்சில் விசிறி இருக்கும். கோடவுனில் திறந்து வைத்தால் சில மாதங்களில் விசிறியில் பஞ்சு அடைத்துச் சூடாகிப் போய்விடும். வடிகட்டி வைத்த சுவர் ரேக் போட்டு, வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். எல்லா ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். சாதா ஸ்விட்ச் நொடியில் எழுந்துவிடும், ஸ்டாக் எழுந்திருக்கப் பல நிமிடங்கள் ஆகும், ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் அத்தனை நேரம் வேலை நிற்கும். முதல் மாடியில் இரண்டு பெட்டியும் ஒரே யுபிஎஸ்-இல் இருக்கக் கூடாது. யுபிஎஸ் போனால் இரண்டும் சேர்ந்து போகும், பிறகு ஸ்டாக் போட்டு என்ன பயன்?

நிறுவும்போது: இரண்டு பெட்டியிலும் ஒரே ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். எது ஆக்டிவ் என்பதை முன்னுரிமை எண் கொடுத்து நீங்களே முடிவு செய்யுங்கள். பின்னாளில் பெட்டி மாற்றினால் புதிய பெட்டியை அணைத்த நிலையில் ஸ்டாக் கேபிள் செருகி, அப்புறம் ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒன்று ரீஸ்டார்ட் ஆகும், அது எது என்பது எப்போதும் உங்கள் கையில் இருக்காது. இயல்பான கடவுச்சொல்லை மாற்றுங்கள். அமைப்புக் கோப்பின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும், நிறுவியவரிடம் மட்டும் அல்ல. பெட்டிகளின் நேரத்தை என்டிபி என்ற முறையில் ஒத்திசைத்து, லாக் (நிகழ்வுப் பதிவு) எல்லாம் நாஸில் சேரும்படி செய்யுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். தரைத்தளக் கணினியிலிருந்து சர்வருக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டு, முதல் மாடியில் ஆக்டிவ் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். நகல் சில நொடி தயங்கித் தொடர வேண்டும். பிறகு அதை உயிர்ப்பித்து, முழுவதும் எழுந்த பின் மற்றதைப் பிடுங்குங்கள். அடுத்து தரைத்தள ஃபைபரில் ஒன்று, ஸ்டாக் கேபிளில் ஒன்று. கடைசியாக, பேக்கிங் பிரிவில் ஒரு கேபிளின் இரண்டு முனையையும் இரண்டு சுவர் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொண்டு மற்றவர்கள் எதையும் உணராமல் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் உங்கள் கண் முன்னால் நடந்தால் கையெழுத்துப் போடுங்கள்.